புகைப்படத் தொழிலில் விலை கூறும் முறை

சங்கராபுரம் போன்ற ஊர்களில் புகைப்பட நிலையம் என்றால் திருமணம், காதணி விழா, பள்ளி மாணவர்களின் அடையாள அட்டை ஆகியவற்றுக்கு உரியது என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது. இன்று அந்நிலை மாறிவிட்டது. நெசவாளர் சங்கம் தன் சேலைகளை இணையவழி விற்பனைக்கு வைக்கப் படம் தேடுகிறது. கல்வராயன் மலையிலிருந்து வரும் தேனுக்கும், புளிக்கும், சிறுதானியத்திற்கும் பொட்டலத்தின்மேல் அச்சிடப் படம் வேண்டியிருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்களை வெளியூரார் முதலில் காண்பதும் படத்தின் வாயிலாகவே. ஆகவே நம் அங்கத்தினர்களின் பிள்ளைகளில் சிலர் கேமரா வாங்கி இத்தொழிலில் இறங்கியிருப்பதில் வியப்பில்லை.

ஆயினும் தொழில் தெரிந்த அளவுக்கு விலை கூறத் தெரிந்தவர்கள் குறைவு. பக்கத்து நிலையத்தார் கேட்கும் தொகையில் ஐந்நூறு ரூபாயைக் குறைத்துச் சொல்வோர் உண்டு. வந்தவரின் முகத்தைப் பார்த்து விலை சொல்வோரும் உண்டு. மறுபுறம், சங்கங்களின் வவுச்சர்களை நாம் பார்க்குங்கால், ‘போட்டோ எடுத்த வகையில்’ என்ற ஒரே வரியில் ஆயிரக்கணக்கான ரூபாய் எழுதப்பட்டிருப்பதைக் காண்கிறோம். எத்தனை படம், எதற்காக, எவ்வளவு காலம் பயன்படுத்த என்ற விவரம் ஒன்றும் அதில் இராது. விலை கூறுவோரும் அதை ஏற்போரும் ஒரே கணக்கைப் பார்த்துப் பேசவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கரும்பு விளைவிக்கும் அன்பர்கள் மூங்கில்துறைப்பட்டு கூட்டுறவு ஆலைக்குக் கரும்பு அனுப்பும்போது, மத்திய அரசு ஆண்டுதோறும் அறிவிக்கும் நியாய ஆதாய விலை ஒன்று அவர்களுக்கு அடிப்படையாக நிற்கிறது. புகைப்படத்திற்கு அவ்வாறு விலை அறிவிப்பார் எவரும் இலர். தன் விலையைத் தானே கணக்கிட்டு அறியவேண்டிய தொழில் இது.

ஒரு பழைய பாடம்

படத்திற்கு ஆகும் செலவும் அதனால் வரும் பயனும் ஒத்துப்போக வேண்டும் என்பது இன்று பிறந்த கேள்வியன்று. 1856-ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசு லினியஸ் டிரைப் என்னும் படை அதிகாரியைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்ட அவர் சேலம் மாவட்டம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய இடங்களின் கோயில்களையும் கோட்டைகளையும் படம்பிடித்து, 1858-இல் சென்னை சேர்ந்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைப் பல படங்களாக எடுத்து ஒரே நீண்ட சுருளாக இணைத்ததும் அவரே. ஆனால் 1859-இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவிலியன், இவ்வேலை அரசின் அப்போதைய நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் எனக் கருதி அதனை நிறுத்திவிட்டார்.

படங்களின் தரத்தில் யாதொரு குறையும் இல்லை. அவை இன்றும் லண்டனில் நூலகத்திலும் அருங்காட்சியகத்திலும் போற்றிக் காக்கப்படுகின்றன. எனினும் வேலையின் சிறப்பு மட்டும் அவ்வேலையைக் காப்பாற்றவில்லை. பணம் தருபவர் தமக்கு என்ன பயன் என்று கேட்குங்கால் காட்டுவதற்குக் கணக்கு வேண்டும் என்பதே நாம் இதிலிருந்து கொள்ளவேண்டிய பாடம்.

ஒரு நாளின் விலை

முதலில் அறியவேண்டியது ஒரு படப்பிடிப்பு நாளுக்குத் தமக்கு ஆகும் அடக்கவிலை. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். தொகைகள் விளக்கத்திற்காகவே தரப்படுகின்றன. அவரவர் தம் தொகையை இட்டுக்கொள்க. கேமரா, லென்சுகள், விளக்குகள், கணினி ஆகியவற்றில் 3,00,000 ரூபாய் முதலீடு. ஐந்தாண்டு உழைக்கும் எனக் கொண்டால் ஆண்டுக்குத் தேய்மானம் 60,000 ரூபாய். மாதக் கணக்கு வருமாறு:

1. தேய்மானம் — ரூ. 5,000
2. கடை வாடகை, மின்சாரம், இணையம் — ரூ. 6,000
3. பழுதுபார்ப்பு, காப்பீடு, மென்பொருள் — ரூ. 2,000
4. தொலைபேசி, போக்குவரத்து, விளம்பரம் — ரூ. 2,000
5. தம் உழைப்புக்கு ஊதியம் — ரூ. 25,000

ஆக மொத்தம் — ரூ. 40,000

இதனை எத்தனை நாளால் வகுப்பது? இவ்விடத்தில்தான் பலர் இடறுகின்றனர். மாதத்தில் 25 நாள் வேலை செய்கிறோம் என்று 25-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 1,600 ரூபாய் வரும். ஆனால் 25 நாளும் படம் எடுப்பதில்லை. பத்து நாள் எடுத்த படங்களைக் கணினியில் திருத்த இன்னொரு பத்து நாள் ஆகிறது. வாடிக்கையாளரைக் காண்பது, கருவிகளைத் துடைத்து வைப்பது, கணக்கு எழுதுவது, பாக்கி வசூலிப்பது ஆகியவற்றில் மிச்ச ஐந்து நாளும் கழிகின்றன. விலை பேசப்படுவதோ பத்து நாளுக்குத்தான். நாளுக்கு 1,600 ரூபாய் வாங்கினால் மாத வரவு 16,000. துண்டு விழுவது 24,000. தமக்கென ஒதுக்கிய 25,000 ரூபாயில் அவர் கையில் நிற்பது 1,000 ரூபாயே. மாதமெல்லாம் உழைத்தும் மிச்சமில்லையே என்று அவர் திகைப்பார்; காரணமோ வகுத்த எண்ணில் இருக்கிறது.

நெசவாளருக்கு இதனை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒரு பாவு இறங்கி, அடுத்த பாவைப் பிணைத்து ஏற்றும் வரையில் தறி ஓடுவதில்லை. அந்நாட்களிலும் வீட்டில் அடுப்பு எரிந்தாக வேண்டும். ஓடும் நாட்களின் கூலியே ஓடாத நாட்களையும் தாங்கவேண்டும். அதுபோல 40,000 ரூபாயைப் பத்தால் வகுக்க, ஒரு படப்பிடிப்பு நாளின் அடக்கம் 4,000 ரூபாய். நம் சங்கங்கள் லாபத்தில் ஒரு பகுதியைக் காப்பு நிதிக்கு ஒதுக்குவதுபோல, இதிலும் 15 சதவீதம் சேர்த்துக்கொள்வது விவேகம். 600 ரூபாய் கூட்ட, நாளின் விலை 4,600 ரூபாய் ஆகிறது.

கடன் வாங்கிக் கருவி வாங்கியோர் ஒன்றைக் கவனிக்க. கடனுக்குக் கட்டும் வட்டியைச் செலவில் சேர்க்கவேண்டும். அசல் தவணையைச் சேர்க்கலாகாது. அது தேய்மானமாக முன்பே ஏறிவிட்டது. ஆனால் கையில் புழங்கும் பணத்தின் கணக்கு வேறு. 3,00,000 ரூபாய்க் கடனை மூன்றாண்டில் தீர்ப்பதானால் மாத அசல் மட்டும் 8,333 ரூபாய். விலையில் வசூலாகும் தேய்மானமோ 5,000 ரூபாய்தான். மிச்சத்தை வீட்டுச் செலவிலிருந்து எடுக்க நேரும். கருவி உழைக்கும் காலமும் கடன் தீரும் காலமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்படி கடன் பெறும்போதே பேசிக்கொள்வது நலம்.

ஒரு வேலையின் விலை

இனி, ஒரு நெசவாளர் சங்கம் 40 சேலைகளுக்குப் படம் கேட்கிறது எனக் கொள்வோம். சேலை ஒன்றுக்கு முழுத் தோற்றம், முந்தி, கரையின் நெருக்கத் தோற்றம் என மூன்று படம். ஆக 120 படங்கள். இரண்டு நாள் வேலை. நாளுக்கு 4,600 வீதம் 9,200 ரூபாய். உதவியாளர் ஒருவருக்கு இரு நாள் கூலி 1,600 ரூபாய். வண்டிச் செலவு 1,200 ரூபாய். மொத்தம் 12,000 ரூபாய். சேலைக்கு 300 ரூபாய், படத்திற்கு 100 ரூபாய் என்றாகிறது.

அடுத்த மாதம் சங்கத்தார், “இன்னும் ஐந்து சேலை வந்திருக்கிறது, அதே 300 ரூபாய்க்கு எடுத்துத் தாருங்கள்” என்பர். ஐந்துக்கு 1,500 ரூபாய். ஆனால் விளக்குகளை ஏற்றிச் சென்று, நிறுத்தி, எடுத்து, இறக்குவதற்குள் அரை நாளுக்கு மேல் போய்விடும். மிச்ச நேரத்தை வேறொருவருக்கு விற்கவும் இயலாது. ஆதலால் எண்ணிக்கை விலை சொல்லும் எவரும், குறைந்தபட்சக் கட்டணம் இவ்வளவு என்பதையும் உடன் சொல்லவேண்டும். அரை நாள் கட்டணம் முழு நாளின் சரிபாதியாக இல்லாமல் சற்று மிகுதியாக இருப்பதற்கும் காரணம் இதுவே.

எல்லாச் சேலையும் ஒரே நேரத்தில் முடிவதில்லை என்பதையும் கருதவேண்டும். பாவு ஒரு நிறமும் ஊடை ஒரு நிறமுமாக நெய்த மயில்கழுத்துச் சேலை, பார்க்கும் கோணத்திற்கேற்ப நிறம் மாறித் தோன்றும். ஒரு படத்தில் அதன் தன்மை விளங்காது. விளக்கை இடம் மாற்றி மீண்டும் எடுக்கவேண்டும். ஜரிகை மிகுந்த முந்தியும் அவ்வாறே. இத்தகைய சேலைகள் எத்தனை என்று முன்னரே கேட்டறிந்து விலை சொல்பவரே பின்னர் வருந்தமாட்டார்.

சங்கம் தன் பக்கத்துக் கணக்கையும் பார்க்கலாம். ஒரே மாதிரியில் 20 சேலைகள் இருப்பில் இருந்தால், அந்த மாதிரிக்கான 300 ரூபாய் சேலைக்கு 15 ரூபாயாகப் பங்கிடப்படும். அது பெரிய பாரமன்று. இருப்பது ஒரே சேலையானால் 300 ரூபாய் முழுவதும் அதன்மேல் ஏறும். எந்த மாதிரிக்கு மூன்று படம், எதற்கு ஒரே படம் போதும் என்பதை இருப்புப் பதிவேட்டைப் பார்த்து நிர்வாகக் குழு தீர்மானிக்க வேண்டும்.

படத்தின் உரிமை

திருமணப் படம் வீட்டுப் பெட்டியில் இருக்கும். வணிகப் படமோ வெளியே சென்று பொருளீட்டுவது. அதை யார், எங்கே, எத்தனை காலம் பயன்படுத்தலாம் என்பது விலையின் ஓர் அங்கமாகும்.

இதில் நம் நாட்டுச் சட்டத்தைச் சரியாக அறிதல் வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில் பணம் பெற்று எடுக்கப்படும் புகைப்படத்திற்கு, மாறான உடன்பாடு இல்லாவிடில், கேட்டுப் பணம் தந்தவரே முதல் உரிமையாளர். இங்கிலாந்தில் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பணியாளராக இல்லாத புகைப்படக்காரர் எடுக்கும் படத்திற்கு அவரே முதல் உரிமையாளர். ஆகவே வெளிநாட்டு மாதிரிகளைப் பார்த்து, ‘உரிமை எப்போதும் எடுத்தவருக்கே’ என்று எண்ணியிருக்கும் நம் இளைஞர்கள் ஏமாற்றமடைவர். உரிமையைத் தம்மிடம் வைத்துக்கொள்ள விரும்பினால், வேலை தொடங்குமுன் விலைப்புள்ளியிலேயே எழுதி, வாடிக்கையாளரின் ஒப்புதல் கையொப்பம் பெறவேண்டும். உரிமையை முழுதும் தருவதானால் அதற்கேற்ற தொகையை முன்னரே சேர்க்கவேண்டும்.

உரிமையை மற்றொருவருக்கு மாற்றித் தருவது எழுத்து மூலமாகவே செல்லும் என்பது அச்சட்டத்தின் 19-ஆம் பிரிவு. காலம் குறிக்காவிட்டால் ஐந்தாண்டு எனவும், இடம் குறிக்காவிட்டால் இந்தியா முழுவதும் எனவும் கொள்ளப்படும். இருவருக்கும் பொருந்தும் ஒரு வாசகம் வருமாறு: ‘இப்படங்களைச் சங்கம் தன் பொருள்களின் விற்பனைக்கும் விளம்பரத்திற்கும் ஐந்தாண்டு பயன்படுத்தலாம், பிற வியாபாரிகளுக்குத் தருவதாயின் தனிக் கட்டணம்.’ படத்தில் நெசவாளரோ மலைவாழ் விவசாயியோ இடம்பெற்றால் அவருடைய எழுத்து மூலமான இசைவையும் பெற்று இணைத்துவைப்பது முறை.

விலைப்புள்ளியில் இருக்கவேண்டியவை

வாயால் சொன்ன விலைக்கு இருவர் நினைவும் இரண்டு சாட்சியாகிவிடும். ஆதலால் பின்வருவன தாளில் இருத்தல் வேண்டும்:

1. தேதி, வாடிக்கையாளர் பெயர், விலை எத்தனை நாள் வரை செல்லும் என்பது.
2. பொருள்களின் எண்ணிக்கை, பொருளுக்கு எத்தனை படம், எந்த அளவில்.
3. படம் எடுக்கும் இடம். பொருளைக் கொண்டுவந்து திருப்பி எடுத்துச்செல்லும் பொறுப்பு யாருடையது.
4. நாள் கட்டணம், உதவியாளர் கூலி, வண்டிச் செலவு — தனித்தனியாக.
5. பயன்படுத்தும் உரிமை: எதற்கு, எங்கே, எவ்வளவு காலம்.
6. ஒப்படைக்கும் நாள், எத்தனை முறை திருத்தம் இலவசம், அதற்கு மேல் என்ன கட்டணம்.
7. யாருடைய காரணத்தால் மறுபடி எடுக்க நேர்ந்தால் யார் செலவு ஏற்பது.
8. மூலப் படங்களை எத்தனை மாதம் காத்து வைப்பது.
9. முன்பணம், மிச்சத் தொகை செலுத்தும் நாள்.
10. வரி விலையில் அடங்குமா, தனியா.

கடைசி இரண்டுக்கும் சிறிது விளக்கம் தேவை. சேவைத் தொழிலில் ஆண்டு மொத்த வரவு 20 லட்சம் ரூபாயைக் கடந்தால் சரக்கு மற்றும் சேவை வரியின்கீழ் பதிவு செய்யவேண்டும். பதிவு பெறாதவர் அவ்வரியை வாடிக்கையாளரிடம் வசூலிக்கலாகாது. பதிவு பெற்றவரின் 12,000 ரூபாய் விலையில் 18 சதவீத வரி சேர 14,160 ரூபாய் ஆகும். இதனை முதலிலேயே சொல்லாமல் பட்டியல் தரும்போது சேர்ப்பது மனக்கசப்புக்கே இடமளிக்கும்.

முன்பணம் கேட்பதில் கூச்சம் வேண்டா. மேற்சொன்ன வேலையில் உதவியாளர் கூலியும் வண்டி வாடகையும் 2,800 ரூபாய் கையிலிருந்து உடனே போகிறது. அதற்குக் குறையாமல் முன்பணம் இருத்தல் நியாயம். மூன்றில் ஒரு பங்கு முன்னதாகவும், ஒரு பங்கு படமெடுத்த நாளிலும், ஒரு பங்கு ஒப்படைக்கும்போதும் தருவது இருசாராருக்கும் ஏற்றது. புகைப்பட நிலையத்தார் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகக் கட்டணமின்றிப் பதிவு செய்துகொள்ளலாம். அவ்வாறு பதிவு பெற்றவருக்கு, 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டத்தின்படி, உடன்பாட்டில் குறித்த நாளுக்குள், எவ்வாறாயினும் 45 நாளைத் தாண்டாமல், பணம் தரவேண்டிய கடமை வாங்குவோருக்கு உண்டு; தாமதித்தால் வட்டியும் சேரும். சங்கச் செயலாளர்கள் இதனை நினைவிற் கொள்க.

மூன்று விலைப்புள்ளி வந்தால்

மூன்று பேரிடம் விலை கேட்டு, குறைந்த தொகையை ஏற்பது சங்கங்களின் வழக்கம். வழக்கம் நல்லதே, ஆனால் மூவரிடமும் ஒரே வேலையைக் கேட்டிருக்க வேண்டும். ஒருவர் 9,000 ரூபாய் என்கிறார். பார்த்தால் சேலைக்கு ஒரு படம் வீதம் 40 படம், படத்திற்கு 225 ரூபாய். மற்றவர் கேட்கும் 12,000 ரூபாயில் 120 படம், படத்திற்கு 100 ரூபாய். மூன்று தோற்றமும் சங்கத்திற்குத் தேவையானால், மலிவாகத் தோன்றுவது மலிவன்று. ஆகவே வேண்டிய படங்கள், உரிமை, நாள் ஆகியவற்றை எழுதிய ஒரே கடிதத்தை மூவருக்கும் அனுப்புக. குறைந்த தொகையை ஏற்காவிட்டால் அதன் காரணத்தைத் தீர்மானத்தில் எழுதி வைக்க; பின்னர் ஆய்வுக்கு வருவோர் கேள்விக்கு அதுவே விடை.

வேலை தருமுன் ஒரு சேலையை மட்டும் மாதிரிக்கு எடுக்கச் சொல்லி, பகல் வெளிச்சத்தில் துணியையும், சாதாரணக் கைபேசியில் படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க. அரக்கு நிறம் சிவப்பாகத் தெரிந்தால், வாங்கியவர் சேலையைத் திருப்பி அனுப்புவார்; போய்வரும் அஞ்சல் செலவும் அவப்பெயரும் சங்கத்தையே சாரும். நிறம் பிறழாதிருக்க, சாம்பல் நிற அட்டையொன்றைப் பொருளருகே வைத்து முதல் படம் எடுத்து, அதைக்கொண்டு கணினியில் நிறத்தைச் சரிசெய்வது தொழிலறிந்தோர் வழக்கம். அவ்வழக்கம் உண்டா என்று கேட்டறிவதில் தவறில்லை.

பேரம் பேசுங்கால்

விலை மிகுதி என்று வாடிக்கையாளர் சொன்னால் என் செய்வது? வேலையைக் குறைத்தே விலையைக் குறைக்கவேண்டும். முந்தியில் ஜரிகையைக் குறைத்தால் சேலை விலை குறையும். அதே ஜரிகையோடு விலையை மட்டும் குறைத்தால் அது நெய்பவரின் கூலியில்தான் வெட்டு விழும். அதுபோல, “மூன்று படத்திற்குப் பதில் இரண்டு எடுத்துக்கொள்ளலாம், சேலைகளை என் நிலையத்திற்கே அனுப்பிவிட்டால் வண்டிச் செலவு இராது” என்று மாற்று வழி சொல்லலாம். வாடிக்கையாளருக்கும் விலையின் கூறுகள் விளங்கும். கூறுபவருக்கும் மரியாதை குன்றாது. காரணமின்றி உடனே ஆயிரம் ரூபாயைக் குறைப்பவர், முதலில் சொன்ன விலை பொய் என்று தாமே ஒப்புக்கொள்கிறார்.

தம் துணிக்கு நியாயமான கூலி வேண்டும் என்பதற்காகவே நெசவாளர்கள் சங்கமாகக் கூடினர். இடைத்தரகர் சொன்ன விலையே விலை என்ற நிலை போகவேண்டும் என்பதற்காகவே விளைவிப்போரும் கூடினர். அத்தகைய சங்கம், அங்கத்தினர் ஒருவரின் மகனோ மகளோ எழுதித் தரும் விலைப்புள்ளியைக் கையில் வாங்கும்போது, கூலி, தேய்மானம், வேலையற்ற நாள் ஆகிய மூன்றும் அதில் அடங்கியிருக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். அவை அடங்காத விலையை ஏற்றால், இரண்டொரு ஆண்டில் அந்த நிலையம் மூடப்படும். அடுத்த படத்திற்குச் சங்கம் சேலத்திற்கோ சென்னைக்கோ செல்ல நேரும். விலை கூறுவோர் தம் அடக்கத்தை அறிந்து கூறுவாராக. கேட்போர் அதனை ஆராய்ந்து ஏற்பாராக. இருவர் தொழிலும் நிலைக்க அதுவே வழி.